குளிர்காலத்தில் வீட்டு நீச்சல் குளத்தை மூடும் முறை

வட இந்தியாவில் அக்டோபர் மாத இறுதியில் வெயில் தணிந்ததும் வீட்டு நீச்சல் குளங்களின் பயன்பாடு ஏறத்தாழ நின்றுவிடுகிறது. டெல்லி, குருகிராம், சண்டிகர், டேராடூன் போன்ற இடங்களில் தனி வீடுகளிலும் பண்ணை வீடுகளிலும் உள்ள குளங்கள் பெரும்பாலும் மார்ச் மாத இறுதியில்தான் மீண்டும் திறக்கப்படுகின்றன. இடைப்பட்ட ஐந்து மாதங்களில் குளத்தை எவ்வாறு வைத்திருக்கிறோம் என்பதைப் பொறுத்தே அடுத்த கோடையில் நாம் செய்ய வேண்டிய செலவு அமையும்.

நீரை வெளியேற்றலாமா?

பலரும் முதலில் எண்ணுவது குளத்தை முழுவதுமாகக் காலி செய்துவிடலாம் என்பதே. இது பெரும்பாலும் நட்டத்தில் முடியும். 8 மீட்டர் நீளமும் 4 மீட்டர் அகலமும் சராசரியாக 1.5 மீட்டர் ஆழமும் கொண்ட குளத்தில் 48,000 லிட்டர் நீர் உள்ளது. அதன் எடை 48 டன். இந்த எடைதான் நிலத்தடி நீர் கீழிருந்து தரும் அழுத்தத்தை எதிர்த்து நின்று குளத்தின் அடித்தளத்தைக் காக்கிறது. பருவமழை முடிந்த மாதங்களில் நிலத்தடி நீர்மட்டம் உயர்ந்திருக்கும். அவ்வேளையில் குளத்தைக் காலி செய்தால் அடித்தளம் மேலெழும்பி விரிசல் விடக்கூடும், ஓடுகளும் பெயரலாம். மேலும், அந்நீரைத் திரும்ப நிரப்ப 10,000 லிட்டர் டேங்கர் லாரிகள் ஐந்து தேவைப்படும். எனவே நீரைத் தக்கவைத்துத் தூய்மையாகப் பேணுவதே சிக்கனம்.

மூடுவதற்கு முன்

இலைகளையும் தூசியையும் வலையால் அகற்றி, சுவர்களைத் தேய்த்து, அடிப்பகுதியில் படிந்துள்ள கசடை உறிஞ்சி எடுக்க வேண்டும். அடுத்து நீரைப் பரிசோதித்து, பி.எச். அளவை 7.2 முதல் 7.6 வரை கொண்டுவர வேண்டும். இந்த அளவைச் சரிசெய்த பின்னரே குளோரின் நன்கு செயல்படும். பின்னர் மாலை வேளையில் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குளோரின் இட்டு, இரவு முழுவதும் பம்பை இயக்கலாம். குளோரின் அளவு பத்து லட்சத்தில் 3 பங்குக்குக் கீழ் இறங்கியதும் குளத்தை மூடலாம். அதற்கு முன்னரே மூடினால் உறையின் துணி விரைவில் நைந்துவிடும்.

இரசாயனத்தை நீரில் இட வேண்டுமே தவிர, இரசாயனத்தின் மீது நீரை ஊற்றக் கூடாது. அமிலத்தையும் குளோரின் பொருளையும் ஒருபோதும் கலக்கலாகாது. கலந்தால் நச்சு வாயு வெளிப்படும்.

சமவெளி நகரங்களில் குளத்து நீர் உறைவதில்லை. குளிரில் பாசியின் வளர்ச்சி குறையுமே தவிர, நின்றுவிடாது. ஆகவே நாள்தோறும் ஓரிரு மணி நேரம் பம்பை இயக்குவதும், வாரம் ஒரு முறை நீரைப் பரிசோதிப்பதும் நன்று. சிம்லா, மணாலி போன்ற மலைப்பகுதிகளில் நிலைமை வேறு. நீர் உறையும்போது அதன் கன அளவு ஏறத்தாழ 9 விழுக்காடு விரிவதால் குழாய்கள் வெடிக்கும். அங்கு நீர்மட்டத்தை ஸ்கிம்மரின் வாய்க்குக் கீழே இறக்கி, பம்பு, வடிகட்டி, குழாய்கள் ஆகியவற்றிலுள்ள நீரை முழுவதும் வடித்து, திறப்புகளை அடைத்துவிட வேண்டும்.

உயிர்ப் பாதுகாப்பு

சாதாரண தார்ப்பாய் மனித எடையைத் தாங்காது. அதன் மீது கால் வைக்கும் குழந்தை உறைக்கடியில் சிக்கிக்கொள்ளும். வெளியிலிருந்து எவருக்கும் தெரியாது. உறையின் மேல் தேங்கும் சில அங்குல மழைநீரும் சிறு குழந்தைக்கு ஆபத்தானதே. எனவே எடை தாங்கும் பாதுகாப்பு உறையைச் சுற்றிலும் உறுதியாகப் பிணைப்பதுடன், பூட்டக்கூடிய வேலியும் அமைக்க வேண்டும். தேங்கிய நீரை உடனுக்குடன் அகற்றினால் கொசு உற்பத்தியும் தடுக்கப்படும். டெல்லியில் டெங்கு மிகுதியாகப் பரவுவது பருவமழைக்குப் பிந்தைய மாதங்களில்தான் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

காப்பீடும் ஆவணங்களும்

2021 ஏப்ரல் 1 முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் வழங்கிவரும் 'பாரத் கிருஹ ரக்ஷா' வீட்டுக் காப்பீட்டில் தீ, வெள்ளம், நிலநடுக்கம் முதலியவற்றால் ஏற்படும் இழப்புகள் அடங்கும். தேய்மானத்தாலும் பராமரிப்புக் குறைவாலும் நேரும் சேதம் அடங்காது. நீச்சல் குளமும் அதன் இயந்திரங்களும் காப்புத்தொகையில் சேர்க்கப்பட்டுள்ளனவா என்பதைக் காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் உறுதி செய்துகொள்வது நலம். மூடும் நாளில் குளத்தையும் பம்பு அறையையும் நிழற்படம் எடுத்து, பராமரிப்பு ரசீதுகளுடன் சேர்த்து வைத்தால், இழப்பீடு கோர நேரும்போது அவை சான்றாக உதவும்.

வீட்டுக்கடன் பெற்றுக் கட்டிய இல்லத்தில் குளமும் சொத்தின் ஒரு பகுதியே. குளிர்காலத் தொடக்கத்தில் அதற்கென இரண்டு நாள்கள் ஒதுக்கினால், கோடையில் பெரிய பழுதுபார்ப்புச் செலவைப் பெரும்பாலும் தவிர்க்கலாம்.