களமும் குதிரும்



அறுவடைக் காலத்தில் நம் மதுரைச் சீமை உழவர், விளைந்த வயலுக்கு அண்மையிலேயே களம் அமைப்பர். அடித்துத் தூற்றிய நெல்லைக் குதிரில் சேர்ப்பர். களம் வேறு, குதிர் வேறு. மேகக் கணினியில் தரவுகளை ஆராய்வதற்குரிய பணிக்களத்தை, அதாவது ‘ஒர்க்ஸ்பேஸ்’ என்பதை, அமைக்கும் நெறியும் இதுவே.

மேகக் கணினி வானில் இருப்பதன்று. வேற்றூரிலுள்ள பெருங்கட்டடங்களில் இயங்கும் கணினிகளை இணையத்தின் வழியே வாடகைக்குப் பெறுவதே அது.

முதல் வினா, களம் தேவைதானா என்பது. வைகை அணை 1959ஆம் ஆண்டு திறக்கப்பெற்றது. அதன் நீர்மட்டத்தை நாளுக்கு ஒரு வரியாக இன்றுவரை எழுதினாலும் 30,000 வரிகளை எட்டாது. எக்செல் தாள் ஒன்றோ 10,48,576 வரிகளைத் தாங்கும். இதற்கு வாடகைக் கணினி வீண். ஆனால், வண்டியூர், மாடக்குளம் போன்ற கண்மாய்கள் பலவற்றின் நீர்ப்பரப்பு ஆண்டுதோறும் எவ்வாறு மாறியது என அறிய விரும்பின், நிலை வேறு. ஐரோப்பியரின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 2017 முதல் ஏறத்தாழ ஐந்து நாளுக்கொருமுறை எடுத்த படங்களை எல்லாம் வீட்டுக் கணினி தாங்குவது அரிது. இங்கே களம் வேண்டும்.

இரண்டாவது வினா, எங்கே என்பது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015இல் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களிலும், அமேசான் 2016இல் மும்பையிலும் 2022இல் ஐதராபாத்திலும் வட்டாரங்களைத் திறந்தன. சென்னையே நமக்கு அண்மை என்று உடனே முடிவு செய்தல் தகாது. நம் விரலிடும் கட்டளை இலேசானது, தரவோ பெருஞ்சுமை. ஆகவே தரவிருக்கும் இடத்திலேயே களம் அமைதல் வேண்டும். மேற்சொன்ன படங்களின் திறந்த தொகுப்பொன்று அமேசானின் ஆரிகன் வட்டாரத்தில் உள்ளது. அங்கே களமமைத்து, வைகைப் படுகைக்குரிய சிறு பகுதியை மட்டும் வெட்டி இங்கே கொணர்வது சிக்கனம். பெரும்பாலான தளங்களில், களம் அமைத்தபின் வட்டாரத்தை மாற்ற இயலாது. புதிதாகவே அமைக்க நேரும்.

மூன்றாவது, செலவு. குதிரின் வாடகை சிறிது. களத்தில் இயங்கும் கணினிக்கோ, வேலையின்றி நின்றாலும் கட்டணம் ஏறும். வேலையற்ற 20 நிமிடத்தில் அது தானே நிற்குமாறு முதலிலேயே குறித்துவிடுக. செலவு எச்சரிக்கை மணி அடிக்குமே ஒழியக் கணினியை நிறுத்தாது என்பதையும் நினைவிற் கொள்க. பயிலத் தொடங்குவோர்க்கு டேட்டாபிரிக்ஸ் நிறுவனம் 2025இல் கட்டணமில்லாப் பதிப்பொன்றை வெளியிட்டுள்ளது. அதிற் பழகிய பின் பணம் செலவிடலாம்.

இறுதியாக, காவல். மூலத் தரவைப் படிக்கப் பலருக்கு உரிமை தருக. திருத்தவோ ஒரு சிலருக்கே தருக. கடவுச் சாவியை நிரற்குறிப்பில் எழுதிவைத்தல், குதிரின் திறவுகோலைக் களத்திலே விட்டுச் செல்வதை ஒக்கும். களவு போகும் கணினிப் பொழுதுக்கும் கட்டணம் உங்களையே சாரும்.

தேவை, இடம், செலவு, காவல் என்னும் நான்கையும் தாளில் எழுதி முடித்த பின்னரே கணினியைத் தொடுக. கண்மாய்களின் கதையைக் கணக்கிட்டு ஊருக்கு உரைக்கும் பொறுப்பு உங்கள் தலைமுறையைச் சார்ந்தது.