தொட்டிச் செடிக்குத் தண்ணீர்: காலையா, இரவா?

மாணவர்களே, பாகான் டாலாம் அடுக்குமாடி வீடுகளில் சன்னலோரம் ஒரு மணிபிளாண்டாவது இருக்கும். அதற்கு எப்போது தண்ணீர் ஊற்றுகிறீர்கள்? வீட்டுப்பாடமெல்லாம் முடித்து, இரவு 10 மணிக்கா?

காலையே நல்லது. வெளிச்சம் பட்டதும் இலைத்துளைகள் திறக்கின்றன. அவற்றின் வழியே நீர் ஆவியாக வெளியேறுகிறது. இதுவே நீராவிப்போக்கு. இந்த இழுப்பினால்தான் வேரிலிருந்து நீர் மேலேறுகிறது. இருட்டியதும் பெரும்பாலான செடிகளில் துளைகள் மூடிக்கொள்ளும். ஊற்றிய நீர் மண்ணிலேயே தங்கும். நம் ஊர்க் காற்றிலோ எப்போதும் ஈரம். காற்றோட்டமில்லாத அறையில் மண் எளிதில் காயாது. மண் இடுக்குகளில் காற்று இருக்க வேண்டிய இடத்தை நீர் அடைத்துக்கொண்டால், உயிர்வளி கிடைக்காமல் வேர் அழுகும். இலை மஞ்சளாவதைப் பார்த்து, 'தண்ணீர் போதவில்லை' என்று நாம் இன்னும் ஊற்றுவோம்!

காலையில் பள்ளிக்கு ஓடவே நேரம் சரியாக இருக்கிறதா? மாலை 5 மணிக்கு ஊற்றுங்கள். இங்கே பொழுது சாய இன்னும் ஏறக்குறைய 2 மணி நேரம் இருக்கும்.

மலாய்க்காரர்கள் 'லிடா ஜின்' என்று சொல்லும் செடியோ தலைகீழ். அது இரவில்தான் துளைகளைத் திறக்கும். அதற்காக இரவில் ஊற்ற வேண்டியதில்லை. அதற்குத் தேவைப்படும் நீரே குறைவு.

உண்மையில், மணியைவிட மண்தான் முக்கியம். விரலை 2 சென்டிமீட்டர் நுழைத்துப் பாருங்கள். ஈரமாக இருந்தால் அன்று ஊற்ற வேண்டாம்.

ஊற்றிய பின் அடித்தட்டைக் கவிழ்க்க மறவாதீர்கள். டிங்கி பரப்பும் ஏடிஸ் கொசு, அந்தத் தேங்கிய நீரில் ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டையிலிருந்து முழுக்கொசுவாகிவிடும். முட்டைகள் தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த பிறகும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். ஆகவே, வாரம் ஒரு முறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள்.