கடல் கடந்த யாப்பு

பிரிட்டிஷ் வட அமெரிக்காவில் அச்சாகி இன்றும் எஞ்சியிருக்கும் மிகப் பழைய புத்தகம் ஒரு செய்யுள் நூல். மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் கேம்பிரிட்ஜ் ஊரில் 1640-ல் வெளிவந்த ‘பே சங்கீதப் புத்தகம்’ அது. இங்கிலாந்துத் திருச்சபையோடு முரண்பட்டுக் கப்பலேறிய பியூரிட்டன்கள், தாய்நாட்டில் பாடிப் பழகிய ஸ்டெர்ன்ஹோல்டு-ஹாப்கின்ஸ் விவிலியச் சங்கீதப் பாடல்கள் எபிரேய மூலத்திலிருந்து விலகிப்போவதாகக் கருதினார்கள். ரிச்சர்ட் மாதர், ஜான் எலியட், தாமஸ் வெல்ட் முதலிய போதகர்கள் மூலத்தை ஒட்டிப் புதிதாகப் பெயர்த்தார்கள். நயத்தைவிடப் பொருள் பிசகாமையே பெரிது என்று முன்னுரையிலேயே சொல்லிவிட்டார்கள். அதன் விளைவு வரிகளில் தெரிகிறது. இயைபுக்காகச் சொற்கள் இடம் மாறித் தடுமாறுகின்றன. ஆனால் சபையார் ஒன்றுகூடிப் பாட அது போதுமானதாக இருந்தது. சுமார் 1,700 பிரதிகள் அச்சானதில் இன்று 11 மட்டுமே உள்ளன.

விவிலியமும் சங்கீதச் சந்தமும் நியூ இங்கிலாந்துக் கவிஞர்களின் காதில் சிறுவயது முதல் ஊறியவை. அதற்கு மேல் அவர்கள் எதைப் படித்தார்கள் என்பது, கப்பலில் வந்த பெட்டிகளுக்குள் என்னென்ன நூல்கள் இருந்தன என்பதைப் பொறுத்தது. லண்டனில் ஒரு கவிதைப் பாணி பழசாகிப் போன பிறகும் இங்கே அது பல்லாண்டு நிலைத்தது. இதைக் காட்டி இவர்களை வெறும் நகலெடுப்பவர்கள் என்று ஒதுக்கும் வழக்கம் நெடுங்காலம் இருந்தது. நியாயமற்ற தீர்ப்பு அது. அந்த மண்ணின் பூர்வகுடிகளுக்குத் தொன்மையான பாடல் மரபு இருந்தும் குடியேறியவர்களின் செய்யுளில் அதன் தடம் காண்பது அரிது என்பதுதான் உண்மையான இழப்பு.

தெற்கே வர்ஜீனியாவில் பியூரிட்டன் வாடை இல்லை. அந்தக் குடியேற்றத்தின் பொருளாளராக 1621-ல் வந்த ஜார்ஜ் சாண்டிஸ், ரோமானியக் கவி ஓவிட்டின் ‘உருமாற்றங்கள்’ காவியத்தைப் பெயர்க்கும் வேலையைக் கடற்பயணத்திலும் ஜேம்ஸ்டவுனிலும் தொடர்ந்து, 1626-ல் முழு நூலாக லண்டனில் வெளியிட்டார். பின்னர் மேரிலாந்தின் எபனேசர் குக், சாமுவேல் பட்லரின் அங்கதச் சந்தத்தைக் கைக்கொண்டு புகையிலை வணிகன் ஒருவனின் கதையை 1708-ல் பாடினார்.

நியூ இங்கிலாந்தின் முதல் பெருங்கவி ஒரு பெண். 1612-ல் இங்கிலாந்தில் பிறந்த ஆன் பிராட்ஸ்ட்ரீட், லிங்கன் பிரபுவின் காரியஸ்தராக இருந்த தாமஸ் டட்லியின் மகள். பெண்களுக்குக் கல்விக்கூடம் எட்டாத காலத்தில் பிரபுவின் நூலகம் அவருக்கு எட்டியது. 1630-ல் கணவர் சைமனோடும் பெற்றோரோடும் ‘ஆர்பெல்லா’ கப்பலில் மாசசூசெட்ஸ் வந்தார். புதிய நாட்டைக் கண்டதும் முதலில் தன் மனம் அதை ஏற்க மறுத்தது என்று பிற்காலத்தில் பிள்ளைகளுக்கு எழுதிவைத்தார். எட்டுக் குழந்தைகளை வளர்த்துக்கொண்டே கவிதை எழுதினார்.

அவருடைய ஆதர்சம் கியோம் து பார்த்தா என்ற பிரெஞ்சு புராட்டஸ்டன்ட் கவி. உலகம் படைக்கப்பட்ட ஏழு நாட்களைப் பெருங்காவியமாக்கியவர் அவர். ஜோஷுவா சில்வெஸ்டரின் ஆங்கில மொழிபெயர்ப்பு வழியே அந்தக் காவியம் ஒரு தலைமுறையையே ஆட்கொண்டிருந்தது. அதைப் பின்பற்றி நான்கு பூதங்கள், நான்கு உடல்நீர்கள், மனித வாழ்வின் நான்கு பருவங்கள், நான்கு காலங்கள் என்று நீண்ட உரையாடல் கவிதைகளை பிராட்ஸ்ட்ரீட் எழுதினார். பண்டைய பேரரசுகளைப் பற்றிய நெடும்பாடலுக்கு வால்டர் ராலேயின் ‘உலக வரலாறு’ ஆதாரம். பிலிப் சிட்னிக்கும் எலிசபெத் அரசிக்கும் பாக்கள் பாடினார். அரசியைப் பாடும் இடத்தில், பெண்ணுக்கு அறிவில்லை என்பாரை நோக்கி அவர் எழுப்பும் கேள்வியில் கடன் வாங்கிய குரல் துளியும் இல்லை.

பிராட்ஸ்ட்ரீட்டின் தங்கையை மணந்த ஜான் வுட்பிரிட்ஜ், ஆசிரியர் அறியாமலே கையெழுத்துப் பிரதியை லண்டனுக்குக் கொண்டுபோய் 1650-ல் அச்சிட்டார். நூலின் பெயர் ‘பத்தாவது கலைத்தேவதை’. வீட்டு வேலையை விட்டுவிட்டு எழுதியதல்ல, தூக்கத்தைக் குறைத்து எழுதியது என்று முன்னுரையில் சமாதானம் சொல்ல வேண்டியிருந்தது. அச்சுப்பிழைகள் மலிந்த அந்தப் பதிப்பைக் கண்டு வருந்திய ஆசிரியர், தன் நூலையே கந்தல் உடுத்திய பிள்ளையாக விளித்து ஒரு கவிதை எழுதினார். அவர் 1672-ல் மறைந்தார். 1678-ல் பாஸ்டனில் வந்த திருத்திய பதிப்பில் அந்தக் கவிதையோடு, கணவர் ஊரில் இல்லாத நாட்களின் ஏக்கமும், இறந்துபோன பேரக்குழந்தைகளுக்கான இரங்கற்பாக்களும் இடம்பெற்றன. 1666 ஜூலையில் வீடு எரிந்தபோது எழுதிய கவிதையில், எல்லாம் இறைவனுடையது என்று சொல்லும் நம்பிக்கையும், சாம்பலான மேசையையும் பெட்டியையும் எண்ணித் தவிக்கும் மனமும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டுகின்றன. து பார்த்தாவின் நிழலில் எழுதிய நெடும்பாடல்களை இன்று அறிஞர்களே படிக்கிறார்கள். இந்தச் சிறு கவிதைகளை எல்லாரும் படிக்கிறார்கள்.

காலனியில் பெருவாரியாக விற்ற கவிதை வேறு. போதகர் மைக்கேல் விகிள்ஸ்வொர்த் 1662-ல் வெளியிட்ட ‘தீர்ப்பு நாள்’, தெருப்பாடல் மெட்டில் 224 பத்திகளாக இறுதித் தீர்ப்பை விவரித்தது. குழந்தைகளுக்கு மனப்பாடம் செய்வித்தார்கள். முதல் பதிப்பின் முழுப் பிரதி ஒன்றுகூட மிஞ்சாத அளவுக்குக் கைமாறித் தேய்ந்தது.

எட்வர்ட் டெய்லர் இதற்கு நேர்மாறு. 1668-ல் வந்து ஹார்வர்டில் படித்து, எல்லைப்புற ஊரான வெஸ்ட்ஃபீல்டில் போதகராகவும் வைத்தியராகவும் 1729 வரை வாழ்ந்தவர். திருவிருந்துக்குத் தன்னைத் தயார்செய்துகொள்ள 1682 முதல் 1725 வரை இருநூறுக்கும் மேற்பட்ட தியானக் கவிதைகளை எழுதினார். ஜார்ஜ் ஹெர்பர்ட்டின் பக்திக் கவிதைகளும் உன்னதப்பாட்டின் காதல் மொழியும் அவற்றில் கலந்து நிற்கின்றன. இங்கிலாந்தில் டிரைடன் காலத்துச் சீரான ஈரடிகள் கோலோச்சியபோது, டெய்லர் முந்தைய தலைமுறையின் துணிச்சலான உருவகங்களிலேயே ஊன்றி நின்றார். நூற்புச் சக்கரத்தையும் தறியையும் கொண்டு ஆன்மாவைப் பேசும் கவிதை அந்தத் துணிச்சலுக்குச் சான்று. அவர் நூலகப் பட்டியலில் காணப்படும் ஒரே ஆங்கிலக் கவிதை நூல் பிராட்ஸ்ட்ரீட்டுடையது. டெய்லரின் கவிதைகளோ யேல் நூலகத்தில் கையெழுத்தாகவே கிடந்து, 1937-ல் தாமஸ் ஜான்சன் கண்டெடுத்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தன.

பதினெட்டாம் நூற்றாண்டில் அலெக்சாண்டர் போப்பின் செல்வாக்கு அட்லாண்டிக்கைத் தாண்டியது. அதைத் தனதாக்கிக்கொண்டவர் ஓர் அடிமைப் பெண். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து சுமார் ஏழு வயதில் கடத்திவரப்பட்டு, 1761-ல் பாஸ்டனில் விற்கப்பட்ட ஃபிலிஸ் வீட்லிக்குக் கப்பலின் பெயரே பெயராயிற்று. வாங்கிய குடும்பத்தில் ஆங்கிலமும் லத்தீனும் கற்றார். போப்பின் ஈரடி, மில்டனின் கம்பீரம், ஹோரஸ், ஓவிட் எல்லாம் அவர் கவிதையில் உண்டு. தன் நூலின் முதல் கவிதையிலேயே ஆப்பிரிக்காவில் பிறந்த ரோமானிய நாடகாசிரியர் டெரன்ஸைச் சுட்டி, இந்தச் செவ்வியல் மரபில் தனக்கும் உரிமை உண்டு என்று நிறுவினார். பாஸ்டனில் அச்சேறாத அந்த நூல் 1773-ல் லண்டனில் வந்தது. ஒரு கறுப்பினப் பெண் எழுதியதுதான் என்று ஆளுநர் ஹட்சின்சன் உட்பட 18 பேர் கையொப்பமிட்ட சான்று அதில் சேர்க்கப்பட்டது. வேறெந்தக் காலனிக் கவிஞரிடமும் இப்படியொரு சான்று கேட்கப்படவில்லை. தாமஸ் ஜெஃபர்சன் பின்னாளில் இக்கவிதைகள் விமர்சனத்துக்கே தகுதியற்றவை என்று எழுதினார். அவர் கூற்று தவறு என்பதைக் கவிதைகளே காட்டுகின்றன.

நூல் வெளியான பிறகு வீட்லிக்கு விடுதலை கிடைத்தது. இரண்டாம் தொகுப்புக்கு 1779-ல் சந்தா கேட்டு அறிவிப்பு வெளியிட்டார். போதிய ஆதரவு கிடைக்கவில்லை. 1784-ல் வறுமையில் இறந்தார். அந்தத் தொகுப்பு அச்சாகவே இல்லை.