விக்கி வேணுமா? முதல்ல இதை யோசிங்க!

விக்கிப்பீடியா எல்லாருக்கும் தெரியும். ஆனா 'விக்கி' என்பது ஒரு மென்பொருள் வகை என்பது தெரியுமா? ஒரே பக்கத்தைப் பல பேர் சேர்ந்து எழுதலாம், திருத்தலாம். யார், எப்போ, எதை மாத்தினாங்க என்பது பதிவாகியிருக்கும். யாராவது கெடுத்துட்டா பழையபடி மீட்டுடலாம்.

வகுப்புக் குறிப்புகள், ஆய்வகச் சோதனைகள், பழைய வினாத்தாள் விடைகள் இதையெல்லாம் நம்ம பள்ளிக்கென ஒரு விக்கியில் சேர்த்து வைக்கலாமே! எதைத் தேர்ந்தெடுப்பது? இந்த மூணுமே இலவசம்.

1. மீடியாவிக்கி: விக்கிப்பீடியா இயங்குவது இதில்தான். பக்கங்கள் லட்சக்கணக்கில் போனாலும் தாங்கும். ஆனா தரவுத்தளம் வேணும்; பராமரிக்க விவரம் தெரிஞ்ச ஆளும் வேணும்.

2. டோக்குவிக்கி (2004): தரவுத்தளம் வேண்டாம். ஒவ்வொரு பக்கமும் ஒரு சாதாரண உரைக்கோப்பு. எந்தப் பக்கத்தை யார் படிக்கலாம், யார் எழுதலாம் என்றும் பிரிச்சு வைக்கலாம்.

3. டிட்லிவிக்கி (2004): மொத்த விக்கியும் ஒரே கோப்பு! பென் டிரைவில் எடுத்துட்டுப் போகலாம். தனி ஆளுக்கு சூப்பர். ஆனா ரெண்டு பேர் ஆளுக்கொரு பிரதியில் எழுதினா, ஒண்ணா சேர்ப்பது பெரும்பாடு.

பெயரைப் பார்த்துத் தேர்வு செய்யாதீங்க. 'எழுதியதை நாளைக்கு வெளியே எடுக்க முடியுமா?' என்று கேளுங்க. விக்கிஸ்பேசஸ் என்ற இணையச் சேவையில் பல நாட்டு ஆசிரியர்கள் பாடப் பக்கங்கள் வச்சிருந்தாங்க. 2018-ல் அதன் இலவச விக்கிகள் மூடப்பட்டன. முன்னாடியே பிரதி எடுத்தவங்க பிழைச்சாங்க. எடுக்காதவங்க உழைப்பு?

அதனால பள்ளிக்கு டோக்குவிக்கியே ஏற்றது. மென்பொருளே இல்லாம போனாலும், அந்தக் கோப்புகளை நோட்பேடில் திறந்து படிக்கலாம். வாரம் ஒருமுறை பிரதி எடுத்து வச்சா கவலையில்லை. தமிழை யூனிகோடில் தட்டணும், மறக்காதீங்க! பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினா, அது இல்லாத கணினியில் புரியாத எழுத்தாத்தான் தெரியும்.

கடைசியா ஒண்ணு: பாடத்துக்கு ஒருத்தர் பொறுப்பு எடுத்துக்கணும். ஏன்னா விக்கி தானா எழுதாது, நாமதான் எழுதணும்!

உங்களுக்குத் தெரியுமா?
முதல் விக்கியை 1995-ல் அமெரிக்காவின் வார்டு கன்னிங்காம் வெளியிட்டார். ஹவாய் மொழியில் 'விக்கி விக்கி' என்றால் 'சீக்கிரம் சீக்கிரம்'. ஹோனலூலு விமான நிலையத்தில் ஓடிய பேருந்தின் பெயர் அது. அதையே அவர் தன் மென்பொருளுக்கு வைத்தார்!