காலைக் காப்பாற்றும் கண்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், சொந்தபந்தத்தில் யாரையாவது நினைத்துச் சொல்வார்கள்: "சக்கரையில புண்ணு ஆறலைங்க, காலை எடுத்துட்டாங்க." பல வீடுகளில் அது விதி என்றே ஏற்கப்பட்டது. உண்மையில் அந்தக் கால்களில் பலவற்றுக்கு ரத்தம் போய்ச் சேரவில்லை. அடைப்பு எங்கே என்று பார்க்கும் வசதியும் அன்று எல்லோருக்கும் எட்டவில்லை.

அன்று மருத்துவரின் விரல்தான் கருவி; பாதத்தில் நாடி தட்டுப்படுகிறதா என்று தேடுவார். 1929-இல் லிஸ்பனில் மருத்துவர் டோஸ் சாண்டோஸ், முதுகு வழியே பெருந்தமனியில் ஊசி குத்திச் சாய மருந்து செலுத்தி எக்ஸ்ரே எடுத்துக் காட்டினார். படம் கிடைத்த பிறகும் நெடுங்காலம் வழி இரண்டுதான்: அறுவை சிகிச்சை, இல்லையேல் கால் அகற்றல்.

1964 ஜனவரியில் அமெரிக்காவின் போர்ட்லாந்தில், காலை எடுக்கச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டிக்கு, மருத்துவர் சார்லஸ் டாட்டர் தொடைத் தமனியின் சுருக்கத்தைக் கத்தியில்லாமல் குழாய் விட்டு விரித்தார். பத்தாண்டு கழித்து, 1974-இல், சூரிச்சில் மருத்துவர் குருன்ட்சிக், சுருக்கத்தை விரிக்கும் பலூனைக் கொண்டுவந்தார். அதுவும் முதலில் நுழைந்தது காலில்தான். இதயத்துக்கு 1977-இல்தான் போனது.

ஆனால் சாய மருந்து செலுத்தி எடுக்கும் எக்ஸ்ரே படமான ஆஞ்சியோவில் தெரிவது ரத்தம் ஓடும் பாதையின் நிழல் மட்டுமே. குழாயின் சுவர் தெரியாது. நிழலை அளந்து சட்டை தைப்பதுபோல, பலூனின் அளவையும் மதிப்பிட்டுத்தான் எடுக்க வேண்டும். சிறிதாகிவிட்டால் மறுபடி அடைக்கலாம். பெரிதானால் சுவர் கிழியலாம்.

இன்று 'ஐவஸ்' எனும் நுண்குழாய் தமனிக்குள்ளேயே போய், ஒலியலையால் உள்சுற்றை முழுவதும் காட்டுகிறது. தமனியின் உண்மையான அகலம், சுண்ணாம்பு படிந்த இடம், பலூன் விட்டபின் விழுந்த கிழிசல் எல்லாம் திரையில் தெரிகின்றன. கொரியாவில் தொடைத் தமனி அடைப்புள்ள 237 பேரிடம் நடந்த ஆய்வு 2024-இல் வெளியானது. ஐவஸ் துணையோடு, மருந்து பூசிய பலூனால் விரிக்கப்பட்டவர்களில் 83.8 சதவீதத்தினருக்கு ஓராண்டுக்குப் பின்னும் தமனி திறந்திருந்தது. ஆஞ்சியோவை மட்டும் நம்பி விரிக்கப்பட்டவர்களில் 70.1 சதவீதம். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இன்னொரு ஆறுதல்: ஐவஸ் துணையிருந்தால் சாய மருந்தைக் குறைத்துக்கொள்ளலாம்.

செலவு கூடுதல்தான், எல்லோருக்கும் தேவைப்படுவதும் இல்லை. தேவைப்படுகிறவருக்கோ அது ஒரு காலின் விலை.

மாறாதது ஒன்று: நாம் தாமதமாகப் போவது. கொஞ்ச தூரம் நடந்ததும் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்து, நின்றால் விடுகிறதா? பாதம் சில்லிடுகிறதா? புண் ஆறவில்லையா? அதை வயசுக்கோளாறு என்று தள்ளாதீர்கள். சர்க்கரை உள்ளவர்களும் புகைப்பவர்களும் மருத்துவரிடம் பாத நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் வேண்டுமா என்று கேளுங்கள். உயிருக்கே ஆபத்தான அவசரம் இல்லையென்றால், காலை எடுக்கச் சம்மதிப்பதற்கு முன் ரத்தக்குழாய் நிபுணர் ஒருவரிடம் கட்டாயம் காட்டுங்கள்.