நீரை விதைக்கும் மலை

ஸ்பெயின் தேசத்தில் கிரனாடா நகரத்திலிருந்து தெற்கே செல்லும் சாலையில் ஒரு மேடு வருகிறது. அதற்கு 'மூரின் பெருமூச்சு' என்று பெயர். 1492-ஆம் வருஷத்தில் நகரத்தைக் கிறிஸ்தவ மன்னர்களிடம் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்ட கடைசி முஸ்லிம் அரசன் போவப்தில், இங்கே திரும்பிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான் என்பது கர்ண பரம்பரை. எங்கள் பஸ் அங்கே நிற்கவில்லை. நாங்கள் மூச்சு விடுவதற்குள் மேட்டைக் கடந்துவிட்டது.

அரசன் போன திசையில்தான் நாங்களும் போனோம். ஜீவனத்துக்காக அவனுக்கு விடப்பட்ட பிரதேசம் அல்புஹாரா; சியெரா நெவாடா மலையின் தெற்குச் சாரல். ஓர்ஹிவா ஊரைத் தாண்டியதும் சாலை வளைந்து வளைந்து ஏறுகிறது. ஒரு பக்கம் பாறை. மறு பக்கம் அதல பாதாளம். எதிரே ஒரு லாரி வந்தால் பிரயாணிகளின் பேச்சு தானே அடங்கிவிடுகிறது!

பம்பனெய்ராவில் இறங்கிக் கால்நடையாக மலை ஏறினோம். மேலே பூபியோன், அதற்கும் மேலே, சுமார் 4,700 அடி உயரத்தில், கப்பிலெய்ரா. வெள்ளை வீடுகள், சாம்பல் நிறக் களிமண் பரப்பிய தட்டைக் கூரைகள். கீழ் வீட்டுக் கூரை மேல் வீட்டு வாசலோடு சமமாக நிற்கிறது. கடலுக்கு அப்பால் மொராக்கோ மலைகளிலும் இத்தகைய வீடுகள் உண்டு.

கப்பிலெய்ராவுக்கு மேலே ஒற்றையடிப் பாதை தவறிவிட்டது. வழி காட்டியது ஒரு வாய்க்கால். அதன் கரையோடு நடந்தோம். திடீரென்று ஓரிடத்தில் வாய்க்கால் உடைந்து, தண்ணீரெல்லாம் சரிவில் வீணாகப் பரவுவதைக் கண்டோம். அருகில் மண்வெட்டியுடன் நின்ற முதியவரிடம், "ஐயா, கரை உடைந்துவிட்டதே!" என்றோம்.

அவர் சிரித்தார். "உடையவில்லை, நான்தான் வெட்டிவிட்டேன். இப்போது விதைத்தால்தானே கோடையில் கிடைக்கும்?"

விஷயம் இதுதான். 11,400 அடி உயரமுள்ள முலாசென் சிகரத்தை ஒட்டிய பனி வசந்த காலத்தில் உருகுகிறது. அப்படியே விட்டால் ஆற்றில் விழுந்து ஓடிவிடும். ஆகவே அதை வாய்க்காலில் திருப்பி, நீர் இறங்கக்கூடிய நிலம் பார்த்துப் பாய்ச்சுகிறார்கள். அது பூமிக்குள் மெள்ள மெள்ள இறங்கி, வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ சென்றபின், கீழே ஊற்றாகப் புறப்படுகிறது. வறண்ட கோடையில் தோட்டங்கள் பிழைப்பது அதனால்தான்.

இந்த வித்தையைப் பெருக்கியவர்கள் மூர்கள். வாய்க்காலுக்கு ஸ்பானிஷ் பாஷையில் வழங்கும் 'அஸேக்கியா' என்ற பெயரே அரபுச் சொல்தான். 1568-இல் அவர்களுடைய சந்ததியார் கலகம் செய்தார்கள். கலகத்தை அடக்கியவர்கள், அவர்களை ஊரோடு பெயர்த்துத் துரத்தினார்கள். வடக்கேயிருந்து புதுக் குடிகள் வந்தார்கள். வாய்க்காலை நடத்திக் காட்டுவதற்காக ஊருக்கு இரண்டு பழைய குடும்பங்களை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள் என்று இப்பக்கத்தில் சொல்லுகிறார்கள். மனிதர் வேண்டாம், அவர்கள் அறிவு மட்டும் வேண்டும்!

இருபதாம் நூற்றாண்டில் யாரும் துரத்தாமலே ஜனங்கள் பட்டணங்களுக்குப் போனார்கள். வாய்க்கால்கள் தூர்ந்தன, ஊற்றுக்கள் வற்றின. 2014-இல் கான்யார் என்னும் ஊரில், கிரனாடா சர்வகலாசாலையாரும் தொண்டர்களும் ஊராரோடு சேர்ந்து ஒரு பழைய வாய்க்காலைத் தோண்டித் திறந்தார்கள். பிறகு வேறு ஊர்களிலும் அந்த வேலை பரவியது.

"உங்களுக்குப் பிறகு யார்?" என்று முதியவரைக் கேட்டோம். அவர் பதில் சொல்லவில்லை. மண்வெட்டியை எங்களிடம் நீட்டினார். நாலு கூடை மண் வாரினோம். இறங்கும் வழியில் ஓர் ஊற்றில் தாகம் தீரக் குடித்தோம். அந்த நீரை விதைத்த கை எவருடையதோ என்ற நினைவோடு குடித்தோம்.