கோஸோ தீவுக்குக் கடன் வாங்கலாமா? பைக்காரா கரையில் உட்கார்ந்து போட்ட ஒரு கணக்கு

போன மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. பைக்காரா படகுத் துறைக்குப் பக்கத்துல காரை நிறுத்திட்டு, ஃபிளாஸ்க்ல இருந்த டீயை ஊத்திக்கிட்டு இருந்தேன். கூட என் சித்தி பொண்ணு. கோயம்புத்தூர்ல ஐடி வேலை, கல்யாணமாகி ரெண்டு வருஷம். ஊட்டியில ஒரு கல்யாணத்துக்கு வந்தவ, "அக்கா, உங்ககிட்ட ஒண்ணு காட்டணும்"னு கூடவே வந்துட்டா.

காட்டினது ஒரு டூர் பேக்கேஜ் கொட்டேஷன். மால்டா நாட்டுல கோஸோன்னு ஒரு குட்டித் தீவு. ஏழு நாள், ரெண்டு பேருக்கு 3,90,000 ரூபாய். அதுக்கு மேல டிசிஎஸ் 5%, அதாவது 19,500. ஆக மொத்தம் 4,09,500. இதுக்காக ஒரு பெர்சனல் லோன் அப்ரூவ் ஆகி, போன்ல ஒரு பட்டனை அமுக்கினா பணம் கணக்குக்கு வந்துடற நிலைமை.

"ஏன் கோஸோ?"ன்னு கேட்டேன்.

"அமைதியா இருக்குமாம்க்கா. பாரிஸ், சுவிஸ்னு எல்லாரும் போற இடம் வேண்டாம். ஒரு வாரம் போன் அடிக்காம, யாரும் கூப்பிடாம இருக்கணும்."

இதுல தப்பு ஒண்ணும் இல்லை. வருஷம் முழுக்க ராத்திரி பத்து மணி வரைக்கும் கால்ல உட்கார்ந்திருக்கிற பொண்ணு கேட்கிறது ஆடம்பரம்னு எனக்குத் தோணலை. ஆனா அவளோட சேமிப்புக் கணக்குல அன்னைக்கு இருந்தது 85,000 ரூபாய். எமர்ஜென்சி ஃபண்டுன்னு அவகிட்ட இருந்தது அவ்வளவுதான். மாப்பிள்ளை கம்பெனியில ரெண்டு டீமைக் கலைச்சிட்டாங்கன்னு அவளே அரை மணி நேரம் முன்னாடி சொல்லியிருந்தா. கடன் தப்பா சரியான்னு கேட்கிறதுக்கு முன்னாடி, ஒரு சம்பளம் நின்னா அந்த இஎம்ஐயை எதிலிருந்து கட்டுவாங்கன்னு கேட்கணும்.

சரி, கணக்குக்குப் போவோம்.

கடனோட உண்மையான விலை

4 லட்சம் கடன், 14% வட்டி, 24 மாசம். இஎம்ஐ சுமார் 19,200 ரூபாய். ரெண்டு வருஷத்துல கட்டற மொத்தம் 4,60,900. வட்டி மட்டும் கிட்டத்தட்ட 61,000. பிராசசிங் ஃபீஸ் 2%னா 8,000, அதுக்கு ஜிஎஸ்டி 1,440. கூட்டினா 70,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல. ஏழு நாள் அமைதிக்கு, ஒரு நாளைக்குப் பத்தாயிரம் ரூபாய் வெறும் வட்டியாவும் ஃபீஸாவும் போகுது!

இதையே திருப்பிப் போடுங்க. மாசம் 20,000 ரூபாய் ஆர்டி, வட்டி 6.5%. பத்தொன்பதாவது மாசத்துல 4 லட்சம் கையில இருக்கும். இஎம்ஐ மாசம் 19,200, ஆர்டி மாசம் 20,000. பாக்கெட்டுக்கு ஏறக்குறைய ஒரே சுமைதான். கடன்ல முதல்ல ஊர் சுத்திட்டு 24 மாசம் கட்டறோம். ஆர்டில 19 மாசம் கட்டிட்டு ஊர் சுத்தறோம். நடுவுல வேலை போச்சுன்னா ஆர்டியை உடைச்சு வாடகை கட்டலாம். போயிட்டு வந்த டூரை உடைக்க முடியாது.

அவ கொஞ்ச நேரம் பேசலை. ஏரி மேல மூடுபனி மெதுவா விலகிக்கிட்டு இருந்தது.

கோஸோ உண்மையிலேயே எவ்வளவு?

நான் அவளை "போகாதே"ன்னு சொல்ல வரலை. போற மாதிரி போ, அவ்வளவுதான். அதனால பேக்கேஜைத் தள்ளிவச்சிட்டு முதல்ல இருந்து போட்டுப் பார்த்தோம்.

கோஸோ மொத்தமே 67 சதுர கிலோமீட்டர். மால்டாவோட பெரிய தீவுல சிர்கெவ்வாங்கிற துறையில கார் ஃபெர்ரி ஏறினா, அரை மணி நேரத்துக்குள்ள கோஸோவோட இம்ஜார் துறைமுகம். இந்த ஃபெர்ரியில ஒரு வேடிக்கை: போகும்போது யாரும் டிக்கெட் கேட்க மாட்டாங்க, திரும்பி வரும்போதுதான் காசு. 5,000 வருஷத்துக்கும் மேல பழமையான ஜிகான்டியா கோயில்கள், விக்டோரியா ஊர்ல ஒரு கோட்டை, மத்ததெல்லாம் வயல், தேவாலயம், பாறைக் கரை. பழைய போட்டோக்கள்ல ஒரு பெரிய கல் வளைவு பார்ப்பீங்க, அசூர் விண்டோ. அது 2017 மார்ச் 8ஆம் தேதி புயல்ல இடிஞ்சு கடல்ல விழுந்துடுச்சு. அதைக் காட்டி யாராவது பேக்கேஜ் விற்க வந்தா உஷாரா இருங்க.

மால்டா ஷெங்கன் நாடு, யூரோ புழங்கற நாடு. ஒரு யூரோ 100 ரூபாய்னு வச்சுக்குவோம், கணக்குக்கு வசதி. ரெண்டு பேருக்கு நான் போட்டது இது. கோயம்புத்தூர்ல இருந்து நேரடி விமானம் கிடையாது, வழியில மாறித்தான் போகணும், அதுக்கு 1,50,000. விசா கட்டணம் 2024 ஜூன்ல இருந்து பெரியவங்களுக்கு 90 யூரோ. சர்வீஸ் சார்ஜ், விண்ணப்ப மையத்துக்குப் போய்வர செலவு எல்லாம் சேர்த்து 25,000. டிராவல் இன்ஷூரன்ஸ் 4,000. இது விருப்பம் இல்லை, குறைஞ்சது 30,000 யூரோ மருத்துவ கவர் இல்லாம ஷெங்கன் விசா கிடைக்காது. ஆறு ராத்திரி தங்க 48,000, சாப்பாடு 42,000, பஸ், ஃபெர்ரி, நுழைவுக் கட்டணம் 15,000. மொத்தம் 2,84,000. எதிர்பாராத செலவுக்கு 10% சேர்த்தா 3,12,000. பேக்கேஜை விட முக்கால் லட்சத்துக்கு மேல குறைவு. கொஞ்சம் அலைச்சல் இருக்கு, ஒத்துக்கறேன்.

ஒரு எச்சரிக்கை. விசா நிராகரிச்சா கட்டின ஃபீஸ் திரும்ப வராது. அதனால விசா கையில வர்ற வரைக்கும், கேன்சல் பண்ணினா காசு திரும்பக் கிடைக்காத டிக்கெட், ரூம் எதையும் தொடாதீங்க. 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய் ஒன்றரை லட்சத்தை விட்டவங்க என் ஆபீஸ் நாற்காலியில உட்கார்ந்திருக்காங்க.

டிசிஎஸ்: செலவு இல்லை, ஆனா பணம் மாட்டிக்கும்

வெளிநாட்டு டூர் பேக்கேஜுக்கு, 2025-26 நிதியாண்டுல 10 லட்சம் வரைக்கும் 5%, அதுக்கு மேல 20% டிசிஎஸ் இருந்தது. முதல் ரூபாயில இருந்தே பிடிப்பாங்க. தனியா விமான டிக்கெட் மட்டும், இல்லை ஹோட்டல் மட்டும் புக் பண்ணினா அது பேக்கேஜ் ஆகாது. டிக்கெட், தங்குமிடம், மத்த செலவு, இதுல குறைஞ்சது ரெண்டு சேர்ந்தாத்தான் பேக்கேஜ்னு வருமான வரித்துறை 2023லேயே தெளிவுபடுத்திட்டாங்க. ஃபாரெக்ஸ் கார்டுல பணம் போட்டுக்கிட்டா, ஒரு வருஷத்துல ஒரு ஆளுக்கு 10 லட்சம் தாண்டினாத்தான் டிசிஎஸ். இந்தியக் கிரெடிட் கார்டை அங்கே நேர்ல தேய்ச்சா இப்போதைக்கு டிசிஎஸ் இல்லை. ஆனா கார்டுக்காரங்க மார்க்கப்னு 2%ல இருந்து 3.5% வரைக்கும் போடுவாங்க, அதைப் பார்த்துக்கோங்க. கடைக்காரர் மெஷின்ல "ரூபாயா, யூரோவா?"ன்னு கேட்டா யூரோன்னே சொல்லுங்க. ரூபாய்னு அமுக்கினா ரேட் அவங்க வச்சதுதான்.

பிடிச்ச டிசிஎஸ்ஸை ரிட்டர்ன்ல கழிச்சுக்கலாம். சம்பளக்காரங்க அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். அதுக்கான ஃபாரத்தைக் கொடுத்தா, கம்பெனி சம்பளத்துல பிடிக்கிற டிடிஎஸ்ல அதைக் குறைச்சுக்குவாங்க. பல ஹெச்ஆர்களுக்கே இது தெரியலை. நீங்க கேளுங்க.

சித்தப்பா கார்டு

இந்த இடத்துல தங்கச்சி ஒரு யோசனை சொன்னா. "அப்பா கார்டுல போட்டுக்கலாம்க்கா. அவருக்கு லிமிட் ஜாஸ்தி. நான் மாசாமாசம் அவருக்குக் கொடுத்துடறேன்."

சித்தப்பா ரிட்டயர் ஆனவர். டெபாசிட் வட்டி வருஷத்துக்கு ரெண்டு லட்சம் போல வரும். வரி கட்ட வேண்டியதில்லை, ரிட்டர்னும் போடறதில்லை. ஆனா தனக்காகவோ இன்னொருத்தருக்காகவோ வெளிநாட்டுப் பயணத்துக்கு வருஷத்துல 2 லட்சத்துக்கு மேல செலவு பண்ணினா, வருமானம் எவ்வளவு குறைவா இருந்தாலும் ரிட்டர்ன் கட்டாயம். பொண்ணோட டிக்கெட்டைத் தன் கார்டுல போட்ட பாவத்துக்கு, ஒரு நாள் சித்தப்பா மொபைலுக்கு வருமான வரித்துறை மெசேஜ் வரும். அவர் பயந்து எனக்குத்தான் போன் பண்ணுவார். சுகர் இருக்கிற மனுஷன், வேண்டாம்னு சொல்லிட்டேன்.

எல்டிஏ இந்தியாவுக்குள்ள மட்டும்

"கம்பெனி எல்டிஏ கொடுக்குதே, அதுல கோஸோ டிக்கெட்டைக் காட்டலாமா?"ன்னு அடுத்த கேள்வி. முடியாது. எல்டிஏ விலக்கு இந்தியாவுக்குள்ள போற பயணத்துக்கு மட்டும்தான். வழியில இந்திய ஊரைச் சேர்த்துக்கிட்டாலும் நடக்காது. ஒரு வங்கி ஊழியர் டெல்லியில இருந்து மதுரை வந்து, அங்கிருந்து கொழும்பு, கோலாலம்பூர், சிங்கப்பூர்னு சுத்திட்டு டெல்லி திரும்பி, மதுரையைக் காட்டி எல்டிசி வாங்கின கேஸ் உச்ச நீதிமன்றம் வரைக்கும் போச்சு. வெளிநாடு போனா விலக்கு இல்லைன்னு 2022 நவம்பர்ல தீர்ப்பு.

அந்த விலக்கும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்குத்தான், போக்குவரத்துச் செலவுக்கு மட்டும். ரூம், சாப்பாடு, படகு எதுவும் சேராது. நாலு வருஷத்துல ரெண்டு பயணம். 2022-2025 பிளாக் 2025 டிசம்பர் 31ஓட முடிஞ்சுது. விட்டுப்போன ஒரு பயணத்தை 2026ல எடுத்துக்கலாம். தங்கச்சி புது வரி முறை. அதனால அவளுக்கு இந்தப் பாரா மொத்தமும் வேஸ்ட். உங்களுக்கு எதுன்னு பார்த்துக்கோங்க.

நாங்க உட்கார்ந்திருந்த இடம்

இவ்வளவு பேசி முடிக்கும்போது மணி ஒன்பதரை. சுத்தி எங்களைத் தவிர நாலு பேர். முக்குர்த்தி சிகரத்துல பிறந்து வர்ற ஆறு இது, தோடர்களுக்குப் புனிதமானது. 1932ல இந்தத் தண்ணியில மின்சாரம் எடுக்க ஆரம்பிச்சாங்க. ஊட்டியில இருந்து கூடலூர் ரோட்டுல 20 கிலோமீட்டர்தான். அவ ஸ்கூல் டூர்ல வந்ததோட சரி, அப்புறம் வந்ததே இல்லை.

ரெண்டு நாள் இங்க பக்கத்துல தங்க என்ன ஆகும்னு அதையும் போட்டேன். கோயம்புத்தூர்ல இருந்து போய்வர பெட்ரோல் 1,600. ரெண்டு ராத்திரி ரூம் 7,000. சாப்பாடு 4,000. படகு, நுழைவு, பார்க்கிங் 1,400. மொத்தம் 14,000. லோனுக்குப் போற அந்த 70,000ல அஞ்சு தடவை வரலாம்.

பைக்காராவும் கோஸோவும் ஒண்ணுன்னு சொல்லலை. இங்க கடலும் இல்லை, 5,000 வருஷக் கோயிலும் இல்லை. அமைதிங்கிற விஷயத்துல மட்டும் ரெண்டு ஊருக்கும் ஒரே பழக்கம். ஜூலை, ஆகஸ்ட்ல கோஸோவும் நிரம்பி வழியும். காலையில ஃபெர்ரில வர்ற கூட்டம் சாயங்காலம் திரும்பிடும், ராத்திரி தங்கறவங்களுக்குத்தான் தீவு. இங்கேயும் பதினோரு மணிக்கு டூரிஸ்ட் வேன்கள் வர ஆரம்பிச்சா மோட்டார் படகுச் சத்தம், சோளம், கேமரா. ஏப்ரல், மே பக்கமே வராதீங்க. உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7ல இருந்து நீலகிரிக்கு வெளி வண்டிகளுக்கு இ-பாஸ் வேணும். 2025 சீசன்ல வார நாள்ல 6,000, வார இறுதில 8,000 வண்டின்னு வரம்பே வச்சாங்க. கூட்டம் எப்படி இருக்கும்னு அதுலயே தெரியுது. இ-பாஸ் இலவசம்தான், முதல்லயே எடுத்துடுங்க. அரசு பஸ்ல வந்தா அதுவும் வேண்டாம். கையில கொஞ்சம் கேஷ் வச்சுக்கோங்க, சிக்னல் இல்லாத இடத்துல யுபிஐ சுத்திக்கிட்டே இருக்கும்.

சீசன் இல்லாத செவ்வாய்க்கிழமைக்கு ரூம் வாடகையும் குறைவு, கூட்டமும் குறைவு. கோஸோவுல அக்டோபர் கடைசி, இங்க செவ்வாய்க்கிழமை. லீவ் தேதியை மாத்த முடிஞ்சவங்களுக்கு இதைவிடப் பெரிய டிஸ்கவுன்ட் எந்தக் கார்டும் கொடுக்காது.

தங்கச்சி என்ன பண்ணினா? லோன் ஆஃபரை ரிஜெக்ட் பண்ணலை, எக்ஸ்பயர் ஆக விட்டுட்டா. 20,000க்கு ஆர்டி வேண்டாம்னு நான்தான் சொன்னேன். முதல் எட்டு மாசம் 10,000 எமர்ஜென்சிக்கு, 10,000 கோஸோவுக்கு. அதுக்கப்புறம் முழுசும் கோஸோவுக்கு. தீவு நாலு மாசம் தள்ளிப்போகும். அவளுக்கு இதுல கோபம்தான், மறைக்கலை. "உங்ககிட்ட காட்டியிருக்கவே கூடாதுக்கா"ன்னு வண்டியில ஏறும்போது சொன்னா.

போன ஞாயிற்றுக்கிழமை வாட்ஸ்அப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்தது. ரெண்டு பேருக்கு நீலகிரி இ-பாஸ், செவ்வாய்ல இருந்து வியாழன் வரைக்கும். கீழே ஒரே கேள்வி: "அங்க ரூம்ல ஹீட்டர் இருக்குமாக்கா, இல்லை ஸ்வெட்டர் எடுத்துட்டு வரணுமா?"

ரெண்டும் வேணும்னு பதில் போட்டேன். நான் போட்ட எக்ஸல் ஷீட் வீடியோவோட டிஸ்கிரிப்ஷன்ல இருக்கு. யூரோ ரேட்டையும் உங்க கடன் வட்டியையும் மாத்திப் போட்டுப் பாருங்க. சந்தேகம் இருந்தா கமென்ட்ல கேளுங்க.